பெரும்பாய் தேரும் முறை



தாம்பரத்தில் நின்றால் கடல் தெரியாது, கடற்காற்று தெரியும். சித்திரை வெயிலில் நண்பகல் கழிந்ததும், கோவளம், கானத்தூர், ஈஞ்சம்பாக்கம், நீலாங்கரைக் குப்பங்களின் மணலைத் தொட்டு எழும் காற்று, பள்ளிக்கரணைச் சதுப்பைக் கடந்து, சற்றே காலம் தாழ்த்துக் கிழக்குத் தாம்பரம் வந்து சேர்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கோடைக்காற்று வலுத்து வீசும் நாள்களில் அது இன்னும் பிந்தும். சில நாள் வாராமலே போகும். இவ்வட்டாரத்து மக்கள் அதை வியர்வை உலர்த்தும் காற்றாக அறிவர். கடற்கரைக் குப்பத்து முதியவர்கள் அதை வேறு விதமாக அறிந்திருந்தார்கள். காலையில் கரைக்காற்றில் கடலுக்குள் போன கட்டுமரத்தை மாலையில் வீடு கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கடற்காற்றுதான். இடையில் இருந்த கருவி ஒரு துணி. அதற்குப் பெயர் பாய்.

அந்தத் துணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இவ்வுரையின் பொருள். ஆங்கிலத்தில் யாட் எனப்படும் உலாப் படகில், கூம்பின் பின்புறத்தை ஒட்டி ஏறுகிற பெரிய முக்கோணப் பாயைப் பெரும்பாய் என்று இங்குக் குறிக்கலாம். கூம்பு என்பது பாய்மரம். சங்கப் புலவர் ஆண்ட சொல். பந்தயத்துக்கன்றி, கடல் கடந்து ஊர் ஊராகப் போய்வரும் உலாப் படகுக்குப் பெரும்பாய் பழசாகிவிட்டால் புதியதாக எதை வாங்குவது? கடைக்காரர் துணியின் பெயரையும் விலையையும் சொல்வார். பட்டறிந்த மாலுமி அவற்றுக்கு முன்பே மூன்று கேள்விகளைக் கேட்பார். எந்தக் காற்றில் இந்தப் பாய் வாழப் போகிறது? எந்தக் கை இதை ஏற்றி இறக்கப் போகிறது? எத்தனை காலம் இது தன் வடிவத்தைக் காக்க வேண்டும்? காற்று, கை, காலம் என்னும் இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே துணியைப் பற்றிய பேச்சு பொருளுடையதாகும்.

முதலில் காற்று. பாய் என்றதும் காற்றை வாங்கிக்கொண்டு வீங்கும் பை ஒன்று பலர் மனத்தில் தோன்றும். காற்று பின்னிருந்து வரும்போது அது ஓரளவு உண்மை. பக்கவாட்டிலிருந்தோ முன்பக்கச் சாய்விலிருந்தோ காற்று வரும்போது, பாய் பறவையின் சிறகுபோல் வேலை செய்கிறது. அதன் வளைவைத் தழுவிக் காற்று திரும்பும்போது ஒருபுறம் அழுத்தம் குறைந்து, படகு முன்னோக்கி இழுக்கப்படுகிறது. ஆகவே பாயின் உயிர் அதன் வளைவில் இருக்கிறது. தட்டையான துணியை வெட்டித் தைத்தால் பாய் ஆகாது. துணிப்பட்டைகளின் விளிம்புகளை மெல்லிய வளைகோடுகளாக வெட்டி ஒன்றோடொன்று தைக்கும்போதுதான் அந்த வயிறு உண்டாகிறது. சட்டையின் தோளைத் தையற்காரர் உருவாக்குவதும் இதே முறையில்தான்.

இந்த வயிற்றின் ஆழம் கடலுக்குக் கடல் மாறும். மென்காற்றுக்குச் சற்று ஆழமான வயிறு உதவும். வன்காற்றுக்குத் தட்டையான பாய் வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மீது விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். 10 நாட் காற்றில் இனிதாகச் செல்லும் படகு 20 நாட் காற்றில் அதே பாயுடன் தத்தளிப்பது இதனால்தான். எனவே உலாப் படகின் பெரும்பாயில், அதைப் பகுதி பகுதியாக இறக்கிக் கட்டிச் சிறிதாக்க வழி வைத்துத் தைப்பார்கள். இதைப் பாய் சுருக்குதல் எனலாம். கரையோரமாகப் பகற்பொழுதில் உலாவும் படகுக்கு இரண்டு சுருக்கு நிலைகள் போதும். வங்கக் கடலைக் கடந்து அந்தமான் செல்ல நினைப்பவருக்கு மூன்றாவது சுருக்கு வேண்டும். அந்த மூன்றாவது சுருக்கு ஆண்டில் ஒரு நாள்கூடப் பயன்படாமல் போகலாம். பயன்படும் அந்த ஒரு நாளுக்காகவே அதற்குக் கூலி கொடுக்கப்படுகிறது.

சென்னைக் கடலின் நாட்காட்டியைப் பார்த்தால் இது விளங்கும். மாசி முதல் சித்திரை வரை மாலைதோறும் வரும் மிதமான கடற்காற்று. ஆனி, ஆடியில் மேலைக்காற்றும் கடற்காற்றும் மாறி மாறி ஆள்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் புயற்சின்னமும். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் வேரோடு சாய்ந்த மரங்களை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் எந்தத் துணியும் பாயாகாது. புயல் அறிவிப்பு வந்தவுடன் பெரும்பாயை முற்றிலும் கழற்றி மடித்து உள்ளே வைப்பதே மாலுமியின் கடமை. ஆகவே எளிதில் கழற்ற முடியாத பாய் இக்கரைக்குத் தகாத பாய்.

பாயை இறக்குவது பற்றிய நினைவு தமிழில் மிகப் பழமையானது. சோழன் நலங்கிள்ளியைப் பற்றிய புறநானூற்று முப்பதாம் பாட்டில், புகாரின் ஆற்றுமுகத்துக்குள் மேற்பாயைக் களையாமலே பெருங்கலம் புகுந்த செய்தி வருகிறது. மீப்பாய் என்பது அங்குள்ள சொல். துறைமுகத்தின் ஆழத்தையும் சிறப்பையும் காட்ட உறையூர் முதுகண்ணன் சாத்தனார் தேர்ந்த குறிப்பு இது. ஆற்றுமுகம் நெருங்கும்போது மேற்பாயைக் களைவதே வழக்கம் என்பதைக் கேட்போர் அறிந்திருந்தாலன்றி இக்குறிப்பின் பெருமை அவர்களுக்கு எட்டியிராது. அந்த அவை கடல் தொழில் தெரிந்த அவை.

அடுத்தது கை. பாயை யார் கையாளப் போகிறார் என்ற கேள்வி, பாயின் பரப்பையும் எடையையும் முடிவு செய்கிறது. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு லேசர் என்னும் சிறு பந்தயப் படகு. அதன் உடல் ஒன்றே, பாய்கள் மூன்று. ஏறத்தாழ 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர்ப் பரப்புள்ள அம்மூன்றில் எது என்பதைச் செலுத்துபவரின் உடல் எடையும் வலுவும் முடிவு செய்கின்றன. சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவிலும் பாரிஸிலும் அவர் செலுத்தியது அந்த நடுப் பாயை. காற்று எல்லாருக்கும் ஒன்றுதான். பாய் மட்டும் ஆளுக்கேற்ப அமைகிறது.

பந்தயப் படகில் பாயின் அளவை விதி சொல்லிவிடும். உலாப் படகில் அதைத் தேர்பவர் தாமே தம் கையை எடைபோட வேண்டும். 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து இந்தியக் கடற்படையின் தாரிணி என்னும் பாய்மரப் படகு உலகை வலம்வரப் புறப்பட்டது. 17 மீட்டர் நீளமுள்ள அதில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே: கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. 2025 மே 29ஆம் நாள் அவர்கள் கோவா திரும்பினார்கள். இதே படகில் 2017–18இல் ஆறு பெண்கள் உலகை வலம் வந்திருக்கிறார்கள். ஆறு பேர் என்றால் காவல் முறை மாறினாலும் உதவிக்குக் கை கிடைக்கும். இருவர் என்றால் ஒருவர் உறங்கும்போது மற்றவர் தனி ஆள். நள்ளிரவில் காற்று எழுந்தால், உறங்குபவரை எழுப்பாமல் ஒருவரே பாயைச் சுருக்க முடியுமா என்பதே அப்போது முதற் கேள்வியாகிறது.

தனிக் கைக்கு உதவும் ஏற்பாடுகள் சில உண்டு. பாயின் குறுக்கே, கூம்பிலிருந்து பின் விளிம்பு வரை, வளையும் நீண்ட பட்டைகளைச் செருகுவது ஒன்று. கூரை வேய்பவர்கள் சொல்லும் வரிச்சு என்னும் சொல் இதற்கு நன்கு பொருந்தும். முழு வரிச்சு உடைய பாய், காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளாது. இறக்கும்போது அடுக்கடுக்காகப் படிந்துவிடும். அதற்கு விலையும் உண்டு: எடை கூடும்; பின்காற்றில் செல்லும்போது வரிச்சு இருக்கும் இடங்கள் கூம்பைத் தாங்கும் கம்பிகளில் உராய்ந்து தேயும். மற்றோர் ஏற்பாடு, பாயைக் கூம்பின் உள்ளேயே பாய்ச்சுருளாகச் சுற்றிவிடுவது. கயிற்றை இழுத்தால் பாய் மறையும். முதுமையில் கடலோடுபவர்களுக்கு இது பெரும் உதவி. ஆனால் அவ்வாறு சுருளும் பாயில் குறுக்கு வரிச்சு வைக்க முடியாது. பின் விளிம்பை உள்வாங்கி வெட்ட வேண்டியிருப்பதால் பரப்பும் குறையும். துணி தளர்ந்து தொய்ந்துவிட்டால் சுருள் நடுவில் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. எளிமை வேண்டுபவர் இதில் எதை இழக்கிறோம் என்பதையும் தெரிந்து வாங்க வேண்டும்.

இங்கே கட்டுமரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் அப்பெயருடன் இடம்பெற்றுவிட்டது. மரங்களைக் கயிற்றால் கட்டிச் செய்த கலம் அது; கரை திரும்பியதும் கட்டவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவார்கள். பின்னர் 1876இல் அமெரிக்காவில் நதானியேல் ஹெரஷாஃப் என்பவர் இரண்டு ஒடுங்கிய உடல்களைப் பாலத்தால் இணைத்து அமாரில்லிஸ் என்ற விரைவுப் படகைக் கட்டினார். அவ்வகை இரட்டைப் படகுகளுக்கும் கட்டுமரம் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. இன்று உலகின் உலாத் துறைகளில் கட்டமரான் என்றால் அந்த இரட்டைப் படகுதான். பொருள் மாறிவிட்டது, சொல் மட்டும் ஈஞ்சம்பாக்கத்துக் குப்பத்தில் வழங்கும் அதே சொல்.

அந்த இரட்டைப் படகுக்குப் பெரும்பாய் தேர்வதில் தனியான ஓர் எச்சரிக்கை தேவை. ஒற்றை உடல் படகு, காற்று மிகுந்தால் சாயும். சாய்வதே எச்சரிக்கை, சாய்ந்த பாயிலிருந்து காற்றின் ஒரு பகுதி வழிந்தும் போய்விடும். இரட்டைப் படகு அகன்று உட்கார்ந்திருப்பதால் எளிதில் சாயாது. காற்றின் முழு வலுவும் துணியிலும் தையலிலும் கூம்பிலும் சுமையாக இறங்கும். மேலே இருப்பவருக்கு அது தெரியாது. ஆகவே அத்தகைய படகில் உடலின் உணர்வை நம்பாமல், காற்றுமானி காட்டும் எண்ணைப் பார்த்துப் பாயைச் சுருக்குவார்கள். இன்ன வேகத்தில் முதற் சுருக்கு, இன்ன வேகத்தில் இரண்டாம் சுருக்கு என்று அட்டவணையே உண்டு. பல இரட்டைப் படகுகளில் கூம்பைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பி இல்லை. அதனால் பாயின் பின் விளிம்பைப் பிறைபோல் வெளியே வளர்க்க முடிகிறது, பரப்பு கூடுகிறது. அந்தப் பிறையைத் தாங்க முழு வரிச்சும் கனமான துணியும் வேண்டும். ஒரே நீளமுள்ள ஒற்றைப் படகின் பாய்க்குரிய துணியையே இதற்கும் வாங்குபவர் சிக்கனம் செய்ததாகாது.

மூன்றாவது காலம். பருத்தி ஆண்ட காலத்தில் பாயின் பகை ஈரமும் பூஞ்சையும். கடலோர மக்கள் மரப்பட்டைகளை ஊறவைத்துக் காய்ச்சிய சாயத்தில் வலையையும் பாயையும் தோய்த்தார்கள்; அந்தத் துவர்ப்பு நூலை மக்காமல் காத்தது. காற்று மெலிந்தபோது பாயின்மீது நீரை வாரி இறைப்பார்கள். நனைந்த பருத்தி நூல் பருத்து, இழைகளின் இடைவெளி அடைபட்டு, காற்று ஊடுருவிப் போவது குறையும். 1930களில் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கரான வில்லியம் ராபின்சனின் கைக்கு மாறி, ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்ற புதுப்பெயருடன், வல்வை மாலுமிகள் செலுத்த அட்லாண்டிக் கடலைக் கடந்து 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையை அடைந்தது பருத்திப் பாய்களின் அந்தக் காலத்தில்தான்.

1941இல் பிரிட்டனில் பாலியெஸ்டர் இழை கண்டுபிடிக்கப்பட்டது. 1950களில் அது டாக்ரான் முதலிய வணிகப் பெயர்களுடன் பாய்த்துணியாக வந்து பருத்தியை அகற்றிவிட்டது. அது மக்காது, நனைந்தால் கனக்காது. ஆயினும் நெய்த துணி நெய்த துணியே. பாவும் ஊடையும் செல்லும் திசைகளில் அது உறுதியாக நிற்கும். மூலைவாட்டில் இழுத்தால் இளகும். வேட்டியின் ஓரத்தை நேரே இழுத்துப் பார்த்துப் பின் மூலைவாட்டில் இழுத்துப் பார்ப்பவருக்கு இது விளங்கும். பெரும்பாயில் மிகுந்த சுமை பின் விளிம்பை ஒட்டி மேலிருந்து கீழாக ஓடுகிறது. எனவே துணிப்பட்டைகளை அந்த விளிம்புக்குச் செங்குத்தாக அடுக்கி, ஊடை நூல் சுமையின் திசையிலேயே அமையும்படி தைப்பது நெடுநாளைய முறை. மூலைவாட்டு இளக்கத்தைத் தடுக்கத் துணியில் பிசின் ஏற்றுகிறார்கள். பாய் காற்றில் அடித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிசின் சிறிது நொறுங்குகிறது. கிழியாத பாயும் இவ்வாறே முதுமை அடைகிறது. வயிறு ஆழமாகிப் பின்னுக்கு நகர்கிறது; படகு மிகுதியாகச் சாய்ந்து குறைவாக முன்செல்கிறது. கிழிசல் இல்லையே என்று அந்தப் பாயையே வைத்திருப்பவர் தம் படகை அறியாமல் இருப்பவர்.

மெல்லிய படலத்தில் வலுவான இழைகளை ஒட்டிச் செய்யும் அடுக்குத் துணியும் உண்டு. வடிவம் காப்பதில் அது நெய்த துணியை வெல்லும், எடையும் குறைவு. ஆனால் ஈரக்காற்று நிறைந்த வெப்ப நாடுகளில் அடுக்குகளுக்கிடையே பூஞ்சை புகும். நாளடைவில் அடுக்குகள் பிரியும். சென்னைக் கடலின் ஈரமும் வெயிலும் அத்துணிக்கு நட்பானவை அல்ல. இதற்குப் பெருஞ்சான்று உலகின் மிக நீண்ட தனியாள் பந்தயங்களுள் ஒன்றான கோல்டன் குளோப். அதில் உயர்தொழில்நுட்பத் துணிகளுக்கு இடமில்லை. நெய்த பாலியெஸ்டர்ப் பாய்களுடனேயே செல்ல வேண்டும். 2018இல் அதே பந்தயத்தில் கூம்பு முறிந்து முதுகெலும்பில் காயமுற்ற இந்தியக் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி, மீண்டும் புறப்பட்டு, 236 நாள் தனியே கடலில் இருந்து, 2023 ஏப்ரலில் இரண்டாமிடம் பெற்றார். எளிய துணி உலகைச் சுற்றி வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

வெயில் துணியைத் தின்பதற்கு முன் நூலைத் தின்கிறது. தையல் நூல் துணியின் மேற்பரப்பில் படிந்து கிடப்பதால் கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் முதலில் அதையே தாக்குகின்றன. பழம்பாயைச் சோதிப்பவர்கள் தையலை நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். நூல் அறுந்தால், துணி நன்றாயிருந்தால், மறுதையல் போட்டு இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். துணியும் சோர்ந்திருந்தால் புதுப் பாய்க்கு அளவெடுக்க வேண்டும். அளவைப் பழம்பாயிலிருந்து எடுக்கலாகாது. அது நீண்டு தளர்ந்திருக்கும். கூம்பையும், அடியில் பாயைத் தாங்கும் கிடைமரத்தையுமே அளக்க வேண்டும். புதுப் பாய் வந்தபின், துறையில் நிற்கும் நேரமெல்லாம் அதற்கு உறை போட வேண்டும். பாயின் ஆயுளில் பாதியைத் தைப்பவர் தருகிறார். மறு பாதியை உறை போடும் கை தருகிறது.

இத்தனையும் கேட்ட கவிஞர் பெருமக்களுக்கு ஓர் ஐயம் எழலாம்: இவ்வட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? தொடர்பு சொல்லில் இருக்கிறது. பருமல் என்றால் பாயைத் தாங்கும் குறுக்கு மரம். ஆஞ்சான் என்றால் பாயை ஏற்றும் கயிறு. தாமான் என்றால் பாயின் கீழ் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் திசைக்கெல்லாம் பெயர் உண்டு. இவை அகராதியில் உள்ளன. இன்று சென்னைத் துறைமுகத்தில், 1911இல் தோன்றிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் படகுகளில் பயிலும் பிள்ளைகள் இவற்றுக்கெல்லாம் ஆங்கிலப் பெயர்களையே கற்கிறார்கள். அது அவர்கள் குற்றமன்று. தமிழில் சொல்லித்தர நூல் இல்லை.

1980கள் முதல் கட்டுமரங்களில் பொறி ஏறியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் வந்து குவிந்தன. பொறி மீனவரின் உழைப்பைக் குறைத்தது. அதை எவரும் பழிக்க இயலாது. ஆனால் பாயைத் தாமே வெட்டித் தைத்து, சாயம் தோய்த்து, காற்றறிந்து ஏற்றியவர்கள் இன்று முதியவர்கள். ஊரூர்க் குப்பத்திலிருந்து கோவளம் வரை அவர்கள் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறார்கள். பாயின் ஒவ்வொரு விளிம்புக்கும், ஒவ்வொரு கயிற்றுக்கும், காற்று மாறும் ஒவ்வொரு கணத்துக்கும் அவர்களிடம் சொல் உண்டு. அவற்றுள் அகராதி ஏறாதவை அவர்களோடு போய்விடும்.

நெய்தலைப் பாடும் கவிதைகள் இவ்வட்டத்தில் பத்தாண்டுகளாக அரங்கேறி வந்துள்ளன. அவற்றுள் பாய் என்னும் சொல் வரும்போது, அது எந்தக் காற்றுக்குத் தைத்த பாய், எந்தக் கை ஏற்றிய பாய், எத்தனை வெயில் கண்ட பாய் என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருக்குமானால், அச்சொல்லுக்கு எடை கூடும். முதுகண்ணன் சாத்தனாருக்குத் தெரிந்திருந்தது. பதினோராம் ஆண்டில் வட்டத்தின் உறுப்பினர் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் குறிப்பேட்டுடன் கடற்கரைக் குப்பங்களுக்குச் சென்று அச்சொற்களைக் கேட்டு எழுதிவருவார்களாயின், தமிழில் பாய்த் தொழிலுக்கு ஒரு சொற்றொகை உருவாகும். அதன்பின் ஒரு தமிழர் தம் படகுக்குப் பெரும்பாய் வாங்கப் போகும்போது, தம் தாய்மொழியிலேயே கேட்டு, தம் தாய்மொழியிலேயே குறைகண்டு, தமக்கேற்றதைத் தேர முடியும்.